பாக்கியசீலன் உயிரோடு வந்த காட்சி

பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் குடியிருக்கும் பாக்கியசீலனை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். இல்லை என்று சாதிக்க வேண்டாம். ஏதாவது ஒரு தொலைக்காட்சித் தொடரில் கதாநாயகி கண்ணைக் கசக்கிக்கொண்டு சுவரைப் பார்த்து, "அப்பா, நீங்க இருந்திருந்தா எனக்கு இப்படி நடக்குமா?" என்று கேட்பாள் அல்லவா? அந்தச் சுவரில் மாலைக்கு நடுவே, மேலே ஒரு சின்ன சிவப்பு பல்பு எரிய, மெல்லச் சிரித்தபடி ஒருவர் இருப்பாரே, அவர்தான். நல்ல மனிதர். ஒரு மிஷன் உயர்நிலைப் பள்ளியில் கிளார்க். தினமும் சைக்கிளில் போய் வருகிறார்.

இந்த வேலையை அவர் தேடிப் போகவில்லை. எங்கள் திருச்சபையின் ஆண்டு மலருக்காக ஸ்டூடியோவில் ஒரு படம் எடுத்துக்கொண்டார். ஸ்டூடியோக்காரர் அதைப் பெரிதாக்கி வாசல் கண்ணாடிக்குள் வைத்தார். அம்பாசமுத்திரம் பக்கம் படப்பிடிப்புக்கு வந்த தொடர்க்காரர்கள், இறந்துபோன அப்பாவுக்கு ஒரு முகம் கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்தவர்கள், அந்தக் கண்ணாடி முன்னால் அப்படியே நின்றுவிட்டார்களாம். செத்துப்போனவர் முகம் எப்படி இருக்க வேண்டும் என்பதில் இவர்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. இருந்த காலத்தில் யாருக்கும் ஒரு தொந்தரவும் கொடுத்திருக்க மாட்டார் என்று பார்த்தவுடன் தோன்ற வேண்டும். பாக்கியசீலனின் முகத்தைக் கர்த்தர் அதற்கென்றே வனைந்திருந்தார். பள்ளிக்கூட அலுவலகத்திலேயே, அவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது, "கிளார்க் சார் இல்லையா?" என்று அவரிடமே கேட்டவர்கள் உண்டு.

அதற்குப் பிறகு அவர் பல குடும்பங்களில் இறந்தார். பண்ணையாராக, தியாகியாக, விபத்தில் போன கணவனாக, பக்கத்து வீட்டுக்காரன் நஞ்சு வைத்துக் கொன்ற வக்கீலாக. ஒரு தொடரில் கதாநாயகன் வீட்டுச் சுவரிலும் கதாநாயகி வீட்டுச் சுவரிலும் அவரே தொங்கினார். இரண்டு பேரும் அண்ணன் தங்கை என்று ஒரு திருப்பம் வரப்போகிறது என எங்கள் தெருப் பெண்கள் கடைசி நாள் வரை காத்திருந்து ஏமாந்தார்கள். ஒரே படம் இரண்டு வீட்டிலும் தொங்கியது எடுத்தவர்களுக்கே தெரிந்திருக்கவில்லை.

அவர் மனைவி கெசியாவுக்கு இது அறவே ஆகாது. அவள் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. வாய்ப்பாடு சொல்லாத பிள்ளையிடம் பேசுகிற தொனியில்தான் வீட்டிலும் பேசுவாள். "தாலி கட்டிக்கிட்டு உக்காந்துருக்கேன், ஒங்க போட்டோவுக்கு ஊரெல்லாம் மால போடுதானுவ. எனக்கு எப்படி இருக்கும்?" என்பாள். இவர் சிரிப்பார். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் தாங்க முடியாது. அதே சிரிப்பு, சட்டத்துக்குள் இருப்பது.

இப்படி இருக்கையில்தான் 'ஒன்பதாவது பீரியட்' என்ற பேய்ப்படம் வந்தது. எடுத்தவர் செந்தூர்பாண்டி, வள்ளியூர்க்காரர். சேரன்மாதேவிக்குப் போகிற வழியில் ஒரு பழைய பள்ளிக்கூடத்தில் கோடை விடுமுறையில் எடுத்தார்கள். பெயரைச் சொன்னால் நிர்வாகம் சண்டைக்கு வரும், விட்டுவிடுவோம். கதை இதுதான்: எட்டு பீரியட் முடிந்து பள்ளிக்கூடம் விட்ட பிறகு மணி இன்னொரு தடவை தானாக அடிக்கும். ஒன்பதாவது பீரியட் தொடங்கும். அதில் மாட்டிய பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் காணாமல் போவார்கள். பாடம் நடத்துவது என்றைக்கோ இறந்துபோன தலைமையாசிரியரின் ஆவி. ஆவியை யாரும் பார்ப்பதில்லை. கூடத்தில் தொங்கும் அவர் படத்தில் மாலை மட்டும் பைய நழுவும். படத்தில் இருந்தது யார் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

படம் ஓடு ஓடென்று ஓடியது. அதுவரை தொடர்களின் கூடத்துச் சுவரோடு இருந்த பாக்கியசீலனின் சாவு ஊர் முழுக்கத் தெரிந்தது இதனால்தான்.

அந்த வருஷ அசனப் பண்டிகையில் விஷயம் வெடித்தது. கோயிலில் சபையார் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற நாள். வெளியூர் உறவெல்லாம் வந்திருந்தது. வள்ளியூரிலிருந்து வந்த கெசியாவின் அத்தை பந்தியில் உட்கார்ந்தவாறே அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "எனக்கு ஒரு வார்த்த சொல்லலியே தாயி, படத்துலல்லா பாத்துத் தெரிஞ்சிக்கிட்டேன்" என்று அழுதாள். கெசியாவால் விலகவும் முடியவில்லை. அந்நேரம் அத்தையின் இலையில் சோறு வைத்துக்கொண்டிருந்தது பாக்கியசீலன். "அத்தே, குழம்பு ஊத்தவா?" என்று கேட்டார். அத்தை நிமிர்ந்து பார்த்தாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

வீட்டுக்கு வந்து கெசியா சண்டை போடவில்லை, அழுதாள். "ஒரே ஒரு தடவ உசுரோட வாங்க. நடக்காண்டாம், பேசாண்டாம், கண்ணத் தொறந்து மூடுனாப் போதும். இந்தா என் புருசன் இருக்காருன்னு நான் நாலு பேர்ட்ட சொல்லிக்கிடுவேன். அதுவரைக்கும் இந்த வீட்டுல படத்தப் பத்திப் பேசப்படாது" என்றாள்.

பாக்கியசீலன் முதல் தடவையாகச் சிரிக்கவில்லை. அவருக்கும் அந்த ஆசை இருந்திருக்கிறது. யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை, அவ்வளவுதான். இத்தனை படத்தில் இருந்தும் ஒன்றிலும் ஒரு இமை அசைந்ததில்லையே என்ற ஏக்கம் அவர் அடிமனதில் கிடந்தது. பிறகு ஒருநாள் என்னிடம் மட்டும் அதைச் சொன்னார்.

ஓடின பேயை யாராவது சும்மா விடுவார்களா? இரண்டாம் பாகம் அறிவித்தார்கள். செந்தூர்பாண்டியே வீட்டுக்கு வந்தார். "அண்ணாச்சி, மொதப் பாகத்துல நீங்க எப்படிச் செத்திய, ஏன் ஆவியானியன்னு சனங்க கேக்காவ. இதுல ஒங்களுக்குப் பழைய கதை இருக்கு. நீங்க உசுரோட வாரிய."

கெசியா அடுக்களையிலிருந்து காப்பி கொண்டுவந்தாள். அந்த வீட்டில் சினிமாக்காரருக்குக் கிடைத்த முதல் காப்பி அது.

செய்தி பரவியதும் எங்கள் குருவானவர் ஞாயிறு பிரசங்கத்தில் அஞ்சனம் பார்க்கிறவர்களையும் நாள் பார்க்கிறவர்களையும் தாண்டி, பேய்ப்படம் பார்க்கிறவர்களிடம் வந்து சேர்ந்தார். பெயர் சொல்லவில்லை. ஆனால் சபை மொத்தமும் திரும்பி பாக்கியசீலனைப் பார்த்தது. அவர் பாட்டுப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டார். "நான் அதுல ஜெபம்தான் பண்ணுதேன்" என்று வாசலில் எல்லாரிடமும் விளக்கம் சொன்னார். அது உண்மைதான். வினையும் அதில்தான் இருந்தது.

காட்சி இப்படி: பழைய காலம், காலைக் கூட்டம். மைதானத்தில் பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள். தலைமையாசிரியர் மேடையேறி, "கண்களை மூடி ஜெபம் பண்ணுவோம்" என்கிறார். எல்லாரும் கண்ணை மூடுகிறார்கள். ஜெபத்தின் நடுவே, வாய் தன்பாட்டுக்கு ஜெபித்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் கண்ணைத் திறந்து நேராகப் பார்க்கிறார். ஏதோ ஒரு கெட்ட ஆவி அவருக்குள் புகுந்துவிட்டது. மைதானத்தில் ஒருவருக்கும் அது தெரியாது. படம் பார்க்கிறவர்களுக்கு மட்டும் தெரியும். பிறகு ஆமென்.

படப்பிடிப்புக்குக் கெசியா போகவில்லை. "தியேட்டர்லயே பாத்துக்கிடுதேன், மொதல்ல பாக்கது அதுவா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள். அவரை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனது மேலப்பாளையம் ஹசன் அலி. இருவரும் ஒரே பள்ளிக்கூடத்து ஆட்கள். இவர் அலுவலகத்தில், அவர் பிள்ளைகளை ஏற்றி இறக்குவதில். பாக்கியசீலன் அறைக்குள் இருந்தால் அவர் இருக்கிறார் என்று உடனே கண்டுபிடிக்கிற ஒரே ஆள் ஹசன் அலி. அங்கே நடந்தது எல்லாம் அவர் வாயால் நான் கேட்டது.

முதல் டேக்கில் பாக்கியசீலன் "கண்களை மூடி ஜெபம் பண்ணுவோம்" என்றார். கண்ணை மூடினார். ஜெபம் பண்ணினார். நாட்டை ஆளுகிறவர்களுக்காகப் பண்ணினார். வியாதிப் படுக்கையில் இருப்பவர்களுக்காக, பரீட்சை எழுதப்போகிற பிள்ளைகளுக்காக, பாபநாசம் அணை நிரம்புவதற்காக, வெயிலில் விளக்குப் பிடித்து நிற்கிற சகோதரர்களுக்காக, தயாரிப்பாளரின் சர்க்கரை வியாதிக்காகப் பண்ணினார். செந்தூர்பாண்டியும் மிஷன் பள்ளியில் படித்தவர்தான். ஜெபத்துக்கு நடுவே 'கட்' சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. ஆமென் வந்தது. பாக்கியசீலன் கண்ணைத் திறந்தார்.

"அண்ணாச்சி, நடுவுல தொறக்கணும்."

"தொறக்கணும்னுதான் நெனைக்கேன். ஆமென் வராம இமை வரமாட்டேங்கு."

அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் ஆட்களுக்குப் பால்குடி மறந்த கையோடு சொல்லித்தருகிற பாடம் இது. ஜெப நேரத்தில் கண் திறக்கிற பிள்ளைக்குத் தொடையில் ஒரு கிள்ளு விழும். கிள்ளுகிறவர் கண்ணைத் திறந்து பார்த்துத்தானே கிள்ளியிருப்பார் என்று இன்றுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டால் அதற்கும் கிள்ளு உண்டு. பாக்கியசீலனை அவர் அம்மா கிள்ளினாள். பிறகு ஞாயிறு பள்ளியில் அவர் பலரைக் கிள்ளினார்.

டேக் மேல் டேக் போனது. ஜெபத்துக்குப் பதிலாக பதினாறாம் வாய்ப்பாட்டைச் சொல்லச் சொன்னார்கள். ஜெபம் பண்ணுகிற அதே இழுவையில் சொன்னதும் பதினாறாம் வாய்ப்பாட்டுக்கும் கண் மூடிக்கொண்டது. வரிசையில் நின்ற பிள்ளைகள் அதற்கும் ஆமென் சொன்னார்கள். வெயில் இறங்க ஆரம்பித்தது. செந்தூர்பாண்டி ஒரு உதவியாளரைக் கூப்பிட்டு, வேறு ஆளைப் பார்க்கலாமா என்று மெதுவாகக் கேட்டது பாக்கியசீலன் காதில் விழுந்துவிட்டது. அவர் முகம் வெளுத்துப்போனது. கெசியா காப்பி கொண்டுவந்தது அவருக்கு ஞாபகம் வந்திருக்கும்.

ஹசன் அலி பக்கத்தில் வந்தார். "அண்ணாச்சி, நாங்க தொழுகைல கண்ணத் தொறந்துதான் வச்சிருப்போம். அல்லா ஒண்ணும் கோச்சுக்கிட மாட்டான்."

"ஒனக்கு அப்படி. எனக்கு இப்படியில்லா பழகிட்டு, ஹசனு" என்றார் பாக்கியசீலன், கிட்டத்தட்ட அழுகிற குரலில்.

ஹசன் அலி கொஞ்சம் யோசித்தார். செந்தூர்பாண்டியின் காதில் ஏதோ சொன்னார். பிறகு போய்த் தன் ஆட்டோவில் உட்கார்ந்துகொண்டார்.

அடுத்த டேக். மைதானம் முழுக்க அமைதி. ஜெபம் நாட்டை ஆளுகிறவர்களைத் தாண்டி வியாதிக்காரர்களிடம் வந்தபோது ஹசன் அலி ஹாரனை ஓங்கி ஒரு அழுத்து அழுத்தினார்.

பாக்கியசீலனின் கண் திறந்தது. ஜெப நேரத்தில் ஹாரன்! அவர் வாழ்நாளில் எத்தனையோ பேர் அவர் சைக்கிளை இடித்தார்கள், வரிசையில் முந்தினார்கள், எதிரே உட்கார்ந்தவரிடம் ஆள் இல்லையா என்று கேட்டார்கள். எதற்கும் வராத கோபம் அத்தனையும் சேர்ந்து அந்தக் கண்ணில் வந்தது. வாய் மட்டும் வியாதிக்காரர்களுக்காகத் தொடர்ந்து ஜெபித்தது. கேமரா பிடித்தவர் ஒரு அடி பின்னால் போனாராம்.

செந்தூர்பாண்டி குதித்தார். ஹாரன் சத்தத்தை எடுத்துவிட்டு முதல் டேக்கின் ஜெபத்தை ஒட்டிக்கொள்ளலாம் என்றார். பாக்கியசீலன் எடுத்ததைப் பார்க்கக்கூட நிற்கவில்லை. நேரே ஆட்டோவுக்கு வந்து, "ஏலே, ஜெப நேரத்துல ஹாரன் அடிக்கியே, ஒனக்குக் கூறு இருக்கா?" என்று கத்தினார். விஷயம் விளங்கியதும் கத்தியதற்காக வழி முழுக்க மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்தார்.

படம் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. மத்தியானக் காட்சிக்கு முக்கால்வாசித் தியேட்டரைச் சபையே நிரப்பிவிட்டது. பிரசங்கம் கேட்டு மனந்திரும்பியவர்கள் என்று யாரும் இல்லை. எங்களுக்கு முன் வரிசையில் தொப்பியும் முகக்கவசமும் போட்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவருடைய இருமல் எங்களுக்கெல்லாம் நன்றாகப் பழக்கம். ஞாயிறுதோறும் ஒலிபெருக்கியில் கேட்பது. வள்ளியூர் அத்தையையும் கெசியா வரவழைத்திருந்தாள். கெசியா கல்யாண வீட்டுக்குக் கட்டுகிற பட்டுச்சேலையில் வந்து பாக்கியசீலன் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஹசன் அலி ஜும்ஆ தொழுகை முடித்து நேரே வந்தவர், இடமில்லாமல் ஓரத்தில் ஒரு நாற்காலியில் இருந்தார்.

இடைவேளைக்குச் சற்று முன்னால் அந்தக் காட்சி வந்தது. திரையில் மைதானம். மேடை. பாக்கியசீலன் நடந்தார்! கை வீசி, இரண்டு படி ஏறி, ஒரு மனிதன் நடப்பதுபோல நடந்தார். தியேட்டரில் விசில் பறந்தது. கெசியா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். திரையில் அவர் பிள்ளைகளைப் பார்த்தார். நிதானமாக, எங்களுக்கெல்லாம் பழகிய அதே இழுவையில் சொன்னார்:

"கண்களை மூடி ஜெபம் பண்ணுவோம்."

நாங்கள் கண்களை மூடினோம்.

என்ன செய்ய? யோசித்துச் செய்கிற காரியமா அது? விசில் நின்றது. பாப்கார்ன் மெல்லுகிற சத்தம் நின்றது. நல்ல ஜெபம். ஆளுகிறவர்கள், வியாதிக்காரர்கள், பிள்ளைகள், அணை எல்லாம் வந்தது. இடையில் ஓரத்திலிருந்து "யா அல்லா!" என்று ஒரு அலறல் கேட்டது. ஜெப நேரத்தில் இப்படியா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. கடைசியில் "ஆமென்" என்றோம். முகக்கவசக்காரர் எல்லாருக்கும் முந்திச் சொன்னார்.

கண்ணைத் திறந்தபோது திரையில் பாக்கியசீலனின் படம் தொங்கிக்கொண்டிருந்தது. புது மாலை போட்டிருந்தார்கள்.

இடைவேளை விளக்கு எரிந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவும் கூச்சமாக இருந்தது. பாக்கியசீலன்தான் கேட்டார்.

"பாத்தியா, கெசியா?"

"ஜெபம்னு சொன்னிய. மூடிட்டேன்." அவள் அவர் பக்கம் திரும்பினாள். "ஏங்க, நீங்க பாத்தியளா?"

"நானும் மூடிட்டேன்" என்றார் பாக்கியசீலன்.

இன்னொரு தடவை வந்தால் ஆயிற்று, இதற்குப் போய் என்ன என்று நான் ஆறுதல் சொன்னேன். இந்தத் தடவை ஒருவர் தொடையை ஒருவர் கிள்ளிக்கொண்டு பார்ப்போம் என்றும் சொன்னேன். மறுநாள் காலை செந்தூர்பாண்டியின் போன் வந்தது. "அண்ணாச்சி, படம் நீளமா இருக்குன்னு எல்லா ஊர்லயும் சொல்லுதாவ. அந்த ஜெபத்தத் தூக்கியாச்சு. இனி எங்கயும் வராது. மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாதிய. ஒங்க போட்டோ அப்படியே இருக்கு, அதத் தொடல."

பாக்கியசீலன் போனை வைத்துவிட்டுச் சிரித்தார். அவருக்குத் தெரிந்தது அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து அவர்களை வீட்டில் இறக்கிவிட ஹசன் அலி வந்திருந்தார். நானும் அதே ஆட்டோவில் ஒட்டிக்கொண்டேன்.  வாசலில் இறங்கிய கெசியா வீட்டுக்குள் போகாமல் ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பாய், அன்னைக்குத் தியேட்டர்ல கத்துனது நீங்கதான?"

"ஆமாக்கா. தப்பா எடுத்துக்கிடாதிய. தொண்டையத் தாண்டி வந்துட்டு."

"அப்ப நீங்க பாத்திய."

"பாத்தேன்கா. நான் எங்க கண்ண மூடுனேன்?"

"எப்படி இருந்தாவ?"

ஹசன் அலி ஆட்டோவை அணைத்தார். "எல்லாப் புள்ளையளும் கண்ண மூடி நிக்கி. அண்ணாச்சி ஜெபம் பண்ணிக்கிட்டே இருக்காவ. திடீர்னு கண்ணத் தொறந்தாவ பாருங்க, ஆத்தாடி! ஹாரன் அடிச்சவனே நான்தான், எனக்கே ஈரக்கொல நடுங்கிட்டு. அப்படி ஒரு கோவம். செத்த மனுசனுக்கு அப்படிக் கோவம் வராதுக்கா. அது உசுரோட இருக்க ஆளோட கண்ணு."

கெசியாவின் கண் நிறைந்துவிட்டது. துடைக்கவும் இல்லை.

"இன்னொருக்கச் சொல்லுங்க, பாய்" என்றாள்.

ஹசன் அலி பிள்ளைகள் வரிசையாக நிற்பதிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தார். பாக்கியசீலன் வாசலில் என்ன செய்வதென்று தெரியாமல், செருப்பைக் கழற்றுவதும் போடுவதுமாக நின்றார். ஜெபம் வருகிற இடம் வந்தது. கெசியா இந்தத் தடவை கண்ணை மூடாமல் பாக்கியசீலனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.